அவசரமில்லை என்று எழுதியிருந்தாய்

நேற்று பீரோவின் அடித்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது அந்தப் பழுப்பு உறை கையில் தட்டுப்பட்டது. பிரித்ததும் அந்துருண்டை வாசனையையும் மீறிக்கொண்டு இன்னொரு வாசனை வந்தது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டு, மடிப்பு மடிப்பாக வரும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தாளும் மையும் கடல் காற்றில் ஊறினால் வரும் வாசனை. நீ வேலை பார்த்த மில் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தால் அதுதான் அடிக்கும். கட்டின் பின்னால் நீ எழுதிக் குத்தியிருந்த வெள்ளைத் தாளில் குண்டூசி துருவேறிப் பழுப்பாய் இறங்கியிருக்கிறது. உன் பச்சை மை மட்டும் மங்கவே இல்லை. தரையிலேயே உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. நீ போன பிறகு படிப்பது இதுதான் முதல் தடவை.

ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா இல்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளி நூலகங்களுக்காக ஒரு புரோகிராமை ஊர் ஊராக இருந்துகொண்டு பலபேர் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துக் குறை சொன்ன பிறகுதான் சேர்ப்பார்கள். போன வாரம் அதில் ஒருவன், ஒரு பெண் எழுதி அனுப்பியதற்கு, ‘இதைவிடக் கேவலமாக எழுத முடியாது’ என்று பதில் போட்டுவிட்டான். அவள் அன்றைக்கே விலகிப் போய்விட்டாள். இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நிற்கிறார்கள். குறையை நறுக்கென்று சொல்வதா, நயமாகச் சொல்வதா என்று. நான் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கு இது புதுச் சண்டை. நாம் இதைத் தபாலிலேயே போட்டு முடித்தவர்கள்.

எண்பதுகளின் நடுவில் நாம் ஆறு பேர். காரைக்காலில் நீயும் நானும், மாயவரத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர், கும்பகோணத்தில் ஒரு பாங்கு குமாஸ்தா, பாண்டிச்சேரியில் இரண்டு பேர். எங்கோ ஓர் இடத்தில் ஒரு கம்ப்யூட்டரைத் தொட அனுமதி இருந்தது என்பதைத் தவிர ஆறு பேருக்கும் வேறு பொருத்தம் கிடையாது. எனக்குப் பள்ளிக்கூடத்தில், உனக்கு மில்லில். ஒருவர் எழுதிய புரோகிராமைப் பிரின்ட் எடுத்து உறையில் போட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் படித்துப் பார்த்து, பின்னால் ஒரு தாளைக் குத்தி, அதில் தன் கருத்தை எழுதி அதற்கடுத்தவருக்கு அனுப்புவார். சுற்று உறை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். யார் எழுதியதையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரே ஒரு விதிதான். ஒரு குறையாவது சொல்லாமல் உறையை அனுப்பக் கூடாது.

அந்த விதியை எல்லோரும் எப்படி நிறைவேற்றினார்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் விதிக்காக ஒரு வரி. ‘தலைப்பை இன்னும் கொஞ்சம் நடுவில் அச்சிட்டால் எடுப்பாக இருக்கும்.’ ‘நேரம் கிடைத்தால் வரி எண்களைச் சீர்செய்யலாம்.’ அந்தக் கடைசி வரியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். விருந்து முடிந்து போகும்போது ‘ரசத்துல உப்பு ஒரு கல் கம்மி’ என்று சொல்லிவிட்டுப் போகும் சம்பந்தி மாதிரிதான் அது.

நீ மட்டும்தான் விதியை விதியாக எடுத்துக்கொண்டாய். புகழ்ச்சி என்ற பக்கமே உன்னிடம் கிடையாது. ‘வரி 340 தப்பு. மாற்று.’ ‘இந்தப் பாகம் உதவாது. கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதவும்.’ கும்பகோணத்துக்காரர் ஒரு தேதி கொடுத்தால் கிழமை சொல்லும் புரோகிராம் எழுதினார், ஞாபகம் இருக்கிறதா? நீ பச்சை மையில் எழுதினாய்: ‘பிப்ரவரி என்று ஒரு மாதம் இருப்பதை இவருக்கு யாரும் சொல்லவில்லையா?’ நான் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ‘சகோதரி சொல்வதில் உண்மை இருக்கிறது, பண்பு இல்லை’ என்று எனக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு விலகிக்கொண்டார். மாயவரத்து ஆசிரியர், ‘இது ஒரு பெண் எழுதியதாகவே தெரியவில்லை’ என்று தனியாக எழுதினார். உன்னைச் சுற்றுக்குள் கூட்டி வந்தவள் நான். இரண்டு கடிதமும் என் பெயருக்குத்தான் வந்தன.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்ததும் உன்னைத் தேடி வந்தேன். அரசலாற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வறுகடலை தின்றோம். கடிதங்களைக் காட்டினேன்.

“கொஞ்சம் பதமா எழுதுனா என்னாடி? மொதல்ல நல்லதச் சொல்லு. அப்பறம் தப்பச் சொல்லு.”

“தப்பத் தப்புன்னு சொல்றதுக்கு மால மரியாதையெல்லாம் எதுக்குடி? பிப்ரவரி இல்லன்னா இல்லதான?”

“எல்லாம் ஒங்க அப்பாகிட்டேர்ந்து வந்த வாய்.”

உன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; சொல்தா வீடு என்றால்தான் உங்கள் தெருவில் வழி காட்டுவார்கள். அப்பாவைச் சொன்னதும் நீ பெருமையாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்பகரத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து வேலை பார்க்கிறவள் நான். இந்த ஆறு பேர் கூட்டம்தான் எனக்கு இருந்த ஒரே மரியாதை. அதை நீ கெடுக்கிறாய் என்று நினைத்தேன்.

“இப்புடியே எழுதிக்கிட்டிருந்தன்னா ஒன்ன நான் கூட்டியாந்ததே தப்புன்னு ஆயிடும். சொல்லிப்புட்டேன்.”

நீ கடலைப் பொட்டலத்தை மடித்தாய். மறுபடி பிரித்தாய். மறுபடி மடித்தாய். பிறகு ஆற்றைப் பார்த்தபடி, “சரிடி. இனிமே பதமா எழுதுறேன்” என்றாய். அவ்வளவு சுலபமாக நீ எதற்கும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பஸ் ஏறினேன்.

அந்த வருஷம்தான் எங்கள் தலைமையாசிரியை ஆண்டுத் தேர்வு முடிவுகளைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மாசி மாதம் முழுக்க உட்கார்ந்து நான் புரோகிராம் எழுதினேன். எங்கள் கம்ப்யூட்டருக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் எல்லாப் பாட மதிப்பெண்ணும் அதற்குள் கொள்ளவில்லை. அதனால் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இரண்டே இலக்கம் ஒதுக்கினேன். ஏழு என்றால் 07. எண்பத்து மூன்று என்றால் 83. அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நூறு வந்தால் என்ன ஆகும் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. நம் பள்ளிக்கூடத்தில் யார் நூறு வாங்கப்போகிறார்கள் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்கூட, மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன்.

தேர்வு நெருங்கிவிட்டதால் உறையை முழுச் சுற்றுக்கு அனுப்ப நேரமில்லை. உனக்கு மட்டும் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தாய். நேற்று நான் மறுபடி படித்தது அந்தத் தாளைத்தான். ‘மிகவும் சிறப்பாக வந்திருக்கிறது’ என்று தொடங்குகிறது. என் உழைப்பைப் புகழ்ந்திருக்கிறாய். அச்சுப் பட்டியலின் அழகைப் புகழ்ந்திருக்கிறாய். ஒரு பக்கம் முழுக்க, நான் சொல்லிக் கொடுத்தபடியே. கடைசியில் இப்படி முடிகிறது: ‘மதிப்பெண்ணுக்கு இரண்டு இலக்கம் விட்டிருப்பதை, நேரம் கிடைக்கும்போது ஒரு முறை பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அவசரமில்லை.’

நான் அதைப் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்தேன். புகழ்ச்சியைப் பத்துத் தடவை படித்தபோதெல்லாம் அந்த வரியும் கண்ணில் பட்டது. விதிக்காக ஒரு குறை சொல்ல வேண்டுமே, அதற்காகச் சொல்லியிருக்கிறாள், பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று நினைத்தேன். முதல் பத்தியைத் தலைமையாசிரியையிடம் வாசித்துக் காட்டினேன். உறையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முடிவுகள் வந்த நாளில் பள்ளி வராந்தாவே நிறைந்திருந்தது. கம்ப்யூட்டர் அடித்த பட்டியலைப் பார்க்கப் பரீட்சை எழுதாதவர்கள்கூட வந்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு வளர்மதி. கடலோரக் கிளிஞ்சல்மேட்டுப் பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காது.

“டீச்சர், எனக்குக் கணக்குல சைபர்னு போட்டுருக்கு.”

பட்டியலைப் பார்த்தேன். கணிதம் 00. பக்கத்தில் தேர்ச்சியில்லை.

“நான் எல்லாக் கணக்கும் போட்டேன் டீச்சர்.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கணக்காசிரியர் விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது ஆபீஸ் குமாஸ்தா. விடைத்தாள் கட்டு பக்கத்து அறை அலமாரியில்தான் இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்து, எனக்குத் தெரிந்த அத்தனை இதத்தோடும் சொன்னேன்: “பரவால்லம்மா. மனச விடக்கூடாது. அடுத்த வருஷம் நல்லாப் படிச்சு எடுத்துடலாம்.” அவள் “சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரையும் நோகடிக்காமல் பேசத் தெரிந்தவள் நான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் கணக்காசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எங்கங்க அந்த வளர்மதி? இந்தப் பள்ளியில நான் நூறு போட்ட ஒரே பேப்பர் அது” என்பதுதான். கம்ப்யூட்டர் அறைக்குப் போய் நூறு என்று அடித்துப் பார்த்தேன். முன்னால் இருந்த ஒன்று வெட்டுப்பட்டுத் திரையில் 00 என்று வந்தது. பையிலிருந்து உன் தாளை எடுத்தேன்.

நேராக உன் ஆபீசுக்கு வந்து கத்தினேன். “தெரிஞ்சிருக்குல்ல ஒனக்கு? தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்த நறுக்குன்னு சொல்லல?” உன் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். பதில் உன் நாக்கு நுனிக்கு வந்ததை நான் பார்த்தேன். அது என்ன பதில் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பாலத்துச் சுவரை நாம் இரண்டு பேருமே மறக்கவில்லை. ஆனால் நீ அதைச் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைப் பூட்டினாய். “அந்தப் புள்ள வூடு எங்கருக்குன்னு தெரியுமா? கெளம்பு” என்றாய்.

உன் மொபெட்டில் போனோம். மணலில் வண்டி போகாததால் பாதி தூரம் தள்ளிக்கொண்டு நடந்தோம். வளர்மதியின் அம்மா வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆரம்பித்தேன். “ஒண்ணும் பயப்படாதீங்க. அது வந்துங்க, ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. எல்லாருமே மனுஷங்கதான, எதிர்பாராம…” அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல், என்ன கேடு வந்ததோ என்ற பயத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாய்.

“ஒங்க பொண்ணு பெயில் இல்லங்க. கணக்குல நூத்துக்கு நூறு. கம்ப்யூட்டர்ல தப்பாப் போட்டுட்டோம். தப்பு எங்களோடது. எங்க ரெண்டு பேரோடதும்.”

எங்கள் இரண்டு பேருடையதும் என்றாய். என்னுடையது என்று நான் சொல்வதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

“நூறா?” என்றாள் அந்த அம்மாள். கையில் இருந்த மீன் கீழே விழுந்தது. “நூறாம்மா? நான் அவள அடிச்சேனே. பள்ளிக்கொடம் போயி என்னத்தக் கிழிச்சன்னு வெளக்கமாத்தாலயே அடிச்சேனே. கம்பூட்டரு பொய் சொல்லாதுன்னு எல்லாரும் சொன்னாங்களே.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அவ இங்க இல்லீங்களே. எறா உரிக்கிற வேலைக்குச் சித்தியோட கொச்சிப் பக்கம் அனுப்பிட்டமே.”

திரும்பி வரும்போது நீ அதைச் சொல்வாய் என்று நான் வழி முழுக்கக் காத்துக்கொண்டு வந்தேன். பஸ் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டு, “சாப்டுட்டுப் போடி, மொகம் ஒரு மாதிரியா இருக்கு” என்றாய்.

கொச்சிக்குக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு வளர்மதி ஊருக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. தலைமையாசிரியை பத்தாம் வகுப்பில் இடம் வைத்திருக்கிறார், வந்துவிடு என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “இல்லங்க டீச்சர், விட்டுப்போச்சு” என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது என் மனம் நோகக் கூடாது என்று சிரிக்கவும் செய்தாள்.

அதற்குப் பிறகு நீ சுற்று உறையைத் தொடவில்லை. உன்னிடம் வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாய். உன் பச்சை மை இல்லாத உறைகளில் மாறி மாறிப் புகழ்ந்துகொண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் சுற்றே நின்றுபோனது. நாம் மட்டும் நிற்கவில்லை. உன் கல்யாணத்துக்கு நான் வந்தேன், என் பிள்ளையின் காதுகுத்துக்கு நீ வந்தாய், விலைவாசியிலிருந்து மூட்டுவலி வரைக்கும் பேசினோம். அந்தப் பேச்சு மட்டும் எடுக்கவில்லை. கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருஷம் நான் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய் வளர்மதியை விசாரித்தேன். அவள் கேரளாவிலேயே இருக்கிறாள், நல்லாயிருக்கிறாள் என்றார்கள். “காலையிலதான் இன்னொரு அம்மா வந்து இதையே கேட்டுட்டுப் போனாங்க” என்றார்கள். மாதா படம் கோத்த சங்கிலி போட்ட அம்மா என்று அடையாளமும் சொன்னார்கள். உன் கழுத்துச் சங்கிலிதான் அது. அதையும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

போன ஆவணியில் உன் தம்பி வீட்டில் உன்னைப் பார்த்தேன். கட்டிலில் பாதி இடம் காலியாக இருந்தது, அவ்வளவு சுருங்கியிருந்தாய். கேட்டே தீருவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். தம்பி மனைவி காப்பி வைத்துவிட்டு உள்ளே போனதும் கேட்டேன். “அன்னிக்கு ஏன்டி என்னைய ஒரு வார்த்த திட்டல?”

எதைக் கேட்கிறேன் என்று நீ கேட்கவில்லை. “இன்னுமா அதப் புடிச்சுக்கிட்டிருக்க?” என்றாய். பிறகு, “காப்பி ஆறுது, குடி.” பன்னிரண்டாம் நாள் உன் தம்பி போன் செய்தான்.

நறுக்கென்று சொல்வதா நயமாகச் சொல்வதா என்று அந்தப் பிள்ளைகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் என்ன சொல்ல? கும்பகோணத்துக்காரர் அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் புரோகிராம் எழுதவில்லை என்று கேள்வி. உன் நறுக்கும் ஒருவரைத் தின்றிருக்கிறது, உன் நயமும் ஒருத்தியைத் தின்றிருக்கிறது. ஆனால் நயமாக எழுதினாலும் நீ எழுதத்தான் செய்தாய். இரண்டு இலக்கம் என்று தெளிவாகத்தான் எழுதினாய். என் பஸ் தினமும் உன் மில் வாசலில் நின்றுதான் போகும். ஒரு நாள் இறங்கி, ‘என்னாடி அது, ரெண்டு இலக்கம்னு எழுதியிருக்க?’ என்று கேட்டிருக்கலாம். இப்போது யார் எதை எழுதினாலும் நான் கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறேன். அவசரமில்லை என்று எவராவது எழுதியிருந்தால் உடனே போன் போட்டு என்ன விஷயம் என்று கேட்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

ஊரில் எல்லோருக்கும் முகத்துக்கு நேரே சொன்னவள் நீ. எனக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை முப்பது வருஷத்துக்கும் மேலாக வாயில் வைத்திருந்து, எடுத்துக்கொண்டே போய்விட்டாய். போய்விட்டாய் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நீ போன நாளிலிருந்து அது எனக்குக் கேட்கிறது. அரிசி களையும்போது, பஸ்ஸில், யாரோ எழுதியதற்கு நான் குறை எழுத உட்காரும்போது. கோபமே இல்லாமல், கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு கேட்கிறாய்: “நீதானடி பதமா எழுதச் சொன்ன?”